உறுதிமொழியிலிருந்து முட்டைக்கு: ஆசியாவில் கூண்டில்லாக் கொள்முதலின் நிலை

உலகில் உற்பத்தியாகும் கோழிமுட்டைகளில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஆசியாவில் இடப்படுகின்றன. சீனா மட்டுமே உலக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது. இந்திய அரசின் கணக்குப்படி 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவின் உற்பத்தி 14,277 கோடி முட்டைகள். ஆகவே முட்டைக்கோழி எப்படி வாழ வேண்டும் என்னும் கேள்விக்கு ஐரோப்பியச் சட்டங்களும் அமெரிக்க மாநிலங்களின் வாக்கெடுப்புகளும் எத்தனை தெளிவான விடை அளித்திருந்தாலும், பெரும்பாலான கோழிகளின் வாழ்வைத் தீர்மானிப்பவை ஆசியப் பண்ணைகளும் அவற்றிடம் முட்டை வாங்குவோருமே. அவ்வாறு வாங்குவோருள் பன்னாட்டு உணவு நிறுவனங்கள், துரித உணவகத் தொடர்கள், விடுதிக் குழுமங்கள் ஆகியவை கடந்த பத்தாண்டுகளில் ஒரு குறிப்பிட்ட வாக்கை அளித்துள்ளன: கூண்டில் அடைத்து வளர்க்கப்படாத கோழிகளின் முட்டைகளையே இனி வாங்குவோம் என்பதே அது. பெரும்பாலான வாக்குகள் 2025ஐக் கெடுவாகக் கொண்டிருந்தன. ஆசியாவில் அந்த வாக்கு எவ்வளவு தூரம் முட்டையாக மாறியிருக்கிறது, மாறாத இடங்களில் தடையாக நிற்பது எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கூண்டும் கூண்டின்மையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலான அடுக்குக்கூண்டு முறையில், கம்பிவலைக் கூண்டுகள் வரிசையாகவும் அடுக்கடுக்காகவும் அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சில கோழிகள் அடைக்கப்படுகின்றன. தீவனமும் தண்ணீரும் முன்புறம் வந்து சேர, இடப்பட்ட முட்டை சாய்ந்த வலைத்தரையில் உருண்டு வெளியே வந்துவிடும். இந்தியாவில் ஒரு கோழிக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவந்த இடம் ஏறத்தாழ 450 சதுர சென்டிமீட்டர் அளவிலானது. எழுதுவதற்குப் பயன்படுத்தும் ஓர் ஏ4 தாளின் பரப்பு 620 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதை நினைத்தால், ஒரு கோழி தன் உற்பத்திக் காலம் முழுவதும் ஒரு தாளைவிடச் சிறிய இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும். அங்கே சிறகை முழுவதும் விரிக்க இயலாது.

கோழியின் இயல்பு அந்த இடத்துக்குள் அடங்குவதன்று. காட்டுக்கோழியிலிருந்து வீட்டுக்கோழி உருவானது தென்கிழக்காசியாவில்தான். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் தொல்லிடத்தில் கிடைத்த எலும்புகள் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்று கணிக்கப்பட்டுள்ளது. மூங்கில் காடுகளின் அடியில் மண்ணைக் கிளறி இரை தேடியும், இரவில் கிளையில் அடைந்தும், மறைவான இடம் பார்த்து முட்டையிட்டும், மண்குளியல் செய்தும் வாழ்ந்த பறவையின் இயல்புகள், ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடும் இன்றைய கலப்பினக் கோழியிடமும் அப்படியே இருக்கின்றன. முட்டையிடும் வேளை நெருங்கும்போது மறைவிடம் கிடைக்காத கூண்டுக்கோழி அமைதியின்றி நடக்க முயல்வதும், மண்ணே இல்லாத வலைத்தரையில் மண்குளியலின் அசைவுகளைச் செய்துபார்ப்பதும் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்தவை. 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூல் பிரிட்டனில் எழுப்பிய அதிர்வின் விளைவாக அமைந்த பிராம்பெல் குழு, 1965இல் அளித்த அறிக்கையில், ஒரு விலங்கு திரும்பவும் படுக்கவும் எழவும் உடலை நீட்டவும் இயல வேண்டும் என்பதை அடிப்படைத் தேவையாக வகுத்தது. அடுக்குக்கூண்டு அந்த எளிய அளவுகோலுக்கே நிறைவளிப்பதில்லை.

கூண்டில்லா முறை என்பது ஒற்றை முறையன்று. தரையில் உமி, மரத்தூள் போன்றவற்றைப் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறை, கொட்டகைக்குள்ளேயே பல மட்டங்களில் மேடைகள் அமைக்கும் அடுக்குமேடை முறை, பகலில் வெளியே மேயவிடும் திறந்தவெளி முறை ஆகியவை அனைத்தும் அதில் அடங்கும். இதற்குத் தெளிவான அளவுகளை முதலில் வகுத்தவற்றுள் ஒன்றான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு ஆணை, பயன்படும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பது கோழிகளுக்கு மேல் கூடாது, ஏழு கோழிகளுக்கு ஒரு முட்டையிடும் பெட்டி வேண்டும், அடைவதற்கான கம்பு ஒரு கோழிக்கு 15 சென்டிமீட்டராவது வேண்டும் என்று விதித்தது. வெற்று அடுக்குக்கூண்டுகளை அதே ஆணை 2012 சனவரி 1 முதல் ஒன்றியம் முழுவதும் தடைசெய்தது.

ஓடு பழுப்பாக இருப்பதைக் கூண்டின்மையின் அடையாளமாகக் கொள்வது தவறு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, வளர்ப்பைப் பொறுத்ததன்று. கூண்டின்மை எல்லாக் கொடுமைகளுக்கும் முடிவு என்பதும் தவறு. முட்டையிடாத சேவற்குஞ்சுகளைப் பொரித்த நாளிலேயே கொல்வதும் அலகு வெட்டுவதும் கூண்டில்லா முறையிலும் தொடர்கின்றன. கூண்டின்மை உறுதி செய்வது, கோழி நடக்கலாம், சிறகு விரிக்கலாம், அடையலாம், மறைவில் முட்டையிடலாம் என்பதை மட்டுமே. அந்த ‘மட்டும்’ ஓர் உயிரின் நாள் முழுவதையும் மாற்றிவிடும் அளவுக்குப் பெரியது என்பதால்தான் அது ஓர் இயக்கத்தின் முதற்கோரிக்கையானது.

உறுதிமொழிகளின் எழுச்சி

2015 செப்டம்பரில், அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாண்டுகளுக்குள் கூண்டில்லா முட்டைக்கு மாறுவதாக மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி முட்டை வாங்கும் நிறுவனம் என்பதால், பண்ணைத் தொழிலின் கணக்குகளே அதனால் மாறின. அமெரிக்க இலக்கை அது கெடுவுக்கு முன்னரே எட்டியது. 2016இல் நிறுவன உணவகங்களை நடத்தும் சோடெக்ஸோவும் காம்பஸ் குழுமமும் உலகம் முழுவதற்குமான வாக்கை 2025 கெடுவுடன் அளித்தன. அதே ஆண்டில் தி ஹ்யூமன் லீக் என்னும் அமைப்பின் முன்முயற்சியில் ஓப்பன் விங் அலையன்ஸ் என்னும் பன்னாட்டுக் கூட்டணி உருவாகி, ஒரு நாட்டில் மட்டும் வாக்களித்த நிறுவனத்திடம் அதை எல்லா நாடுகளுக்கும் விரிக்கக் கோரியது. மேரியட், அக்கோர் முதலிய விடுதிக் குழுமங்கள் தொடர்ந்து வந்தன. 2021 ஆகஸ்டில் கே.எஃப்.சி., பீட்சா ஹட் ஆகியவற்றின் உரிமையாளரான யம் பிராண்ட்ஸ், 2026க்குள் ஏறத்தாழ 25,000 உணவகங்களிலும் 2030க்குள் உலகம் முழுவதிலும் மாறுவதாக அறிவித்தது.

ஐரோப்பாவில் இந்த வாக்குகளுக்குச் சட்டம் துணையாயிற்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2018இல் வாக்கெடுப்பின் மூலம் கொண்டுவந்த சட்டமும், அதை 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியதும் துணையாயின. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் முட்டைக்கோழிகளுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்றும், அமெரிக்கக் கோழிகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டும் கூண்டுக்கு வெளியே வாழ்கின்றன. ஆசியாவிலோ, பெரும்பாலான நாடுகளில் சட்டத்தின் துணை இல்லாமல் நிறுவனத்தின் வாக்கு மட்டுமே தனித்து நிற்க வேண்டியிருந்தது.

அந்த வாக்கின் வாசகமே ஆசியாவுக்கு வரும்போது நெகிழ்ந்தது. 2017இல் நெஸ்லே வெளியிட்ட அறிவிப்பு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் 2020 என்றும், பிற பகுதிகளுக்கு 2025 என்றும் கெடு குறித்தபோது, ஆசியாவுக்கு மட்டும் சூழல் இடமளிக்கும் அளவுக்கு என்னும் நிபந்தனையைச் சேர்த்திருந்தது. உண்மை நிலையை ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் உண்டு. ஆயினும் அச்சூழலை உருவாக்க வேண்டியவர் யார் என்பதை அந்த நிபந்தனை சொல்வதில்லை. வாங்குபவர் சூழலுக்குக் காத்திருக்க, பண்ணையாளர் வாங்குபவருக்குக் காத்திருக்க, ஆண்டுகள் கழிந்தன. 2025 வந்தபோது பல நிறுவனங்கள் ஆசியப் பகுதியில் இலக்கைத் தொடவில்லை.

வாக்களித்தவரும் வாங்குபவரும்

தலைமையகத்தில் வாக்களிப்பவரும் நகரத்தில் முட்டை வாங்குபவரும் ஒருவரல்லர் என்பது ஆசிய நிலைமையைப் புரிந்துகொள்வதற்கான முதல் திறவுகோல். இந்தியாவில் கே.எஃப்.சி. கடைகளை நடத்துபவை தேவயானி இன்டர்நேஷனல், சஃபையர் ஃபுட்ஸ் என்னும் இந்திய நிறுவனங்கள். மெக்டொனால்ட்ஸ் உணவகங்களும் வட்டாரம் வாரியாக வேறுவேறு உரிமதாரர்களின் கையில் உள்ளன. சீனாவில் கே.எஃப்.சி.யை நடத்தும் யம் சைனா 2016இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தனியே பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. பிராண்டின் உரிமையாளர் விதிக்கும் தரத்தை உரிமதாரர் ஏற்க வேண்டியிருந்தாலும், கூடுதல் விலையைச் சுமப்பவர் உரிமதாரரே என்பதால், உரிம ஒப்பந்தத்தில் எழுதப்படாத வாக்கு அவரைக் கட்டுப்படுத்துவதில்லை.

விடுதிகளில் இந்தப் பிளவு இன்னும் ஆழமானது. பெயர்ப்பலகையில் தெரியும் குழுமம் பல நேரங்களில் கட்டடத்துக்கு உரிமையுடையதன்று. உள்ளூர் முதலீட்டாளர் கட்டிய விடுதியை அது நிர்வகிக்கிறது, அல்லது தன் பெயரைப் பயன்படுத்த உரிமம் மட்டுமே தருகிறது. முட்டைக்கான தொகை உரிமையாளரின் வரவு செலவில் எழுதப்படுகிறது. உணவுச் செலவைக் குறைத்துக் காட்டுவதில்தான் தலைமைச் சமையலருக்கும் கொள்முதல் மேலாளருக்கும் பாராட்டு கிடைக்கிறது. அவர்களது ஆண்டு மதிப்பீட்டில் கூண்டில்லா முட்டைக்கு இடமில்லையெனில், குழுமத்தின் நீடித்த வளர்ச்சி அறிக்கையில் அது எத்தனை பக்கம் பெற்றாலும் சமையலறைக்கு வந்து சேராது.

முட்டையின் வடிவமும் கணக்கைச் சிக்கலாக்குகிறது. விடுதியின் காலை உணவு மேசையில் உடைக்கப்படும் ஓட்டு முட்டையை அடையாளம் காணலாம். ரொட்டி, கேக், மயோனைஸ், நூடுல்ஸ் ஆகியவற்றில் திரவமாகவும் தூளாகவும் கலக்கும் முட்டையின் பிறப்பிடம் தெரிவதில்லை. ஒரு கிலோ திரவ முட்டைக்கு ஏறத்தாழ 20 முட்டைகள் உடைக்கப்படுகின்றன. அவற்றை உடைத்துப் பதப்படுத்தும் ஆலை கூண்டில்லா முட்டைகளைத் தனித்தொட்டியில், தனிவேளையில் கையாளாவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு நிறுவனம் ஓட்டு முட்டையில் முழு இலக்கை எட்டியதாக அறிவிக்கும்போதும், அதன் பயன்பாட்டில் பெரும்பகுதி பழைய நிலையிலேயே இருக்கக்கூடும்.

பண்ணையாளரின் கணக்கு

பண்ணையின் பக்கமிருந்து நோக்கினால் அதே வாக்கு வேறொரு தோற்றம் கொள்கிறது. முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, பொதுவாக 72 முதல் 80 வாரம் வரையிலும், நவீன இனங்களில் அதற்கு மேலும் உற்பத்தியில் இருக்கிறது. ஆகவே பண்ணை வழக்கில் ‘பேட்ச்’ எனப்படும் ஒரு கோழித் தொகுதியை இறக்கும் முடிவு ஒன்றரை ஆண்டுக்கான முடிவு. கூண்டில்லாக் கொட்டகை கட்டும் முடிவோ பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கான முடிவு. வாங்கும் நிறுவனம் தருவது பெரும்பாலும் ஓராண்டுக் கொள்முதல் ஆணை. சில வேளை அதுவும் இல்லாத வாய்மொழி ஆர்வம். இந்த இரண்டு காலக்கணக்குகளும் பொருந்தாத இடத்தில் எந்த வங்கியும் கொட்டகைக்குக் கடன் தர முன்வராது.

ஒரு நாளைக்கு 1,000 முட்டை வேண்டும் ஒரு பெரிய விடுதியை எடுத்துக்கொள்வோம். முட்டையிடும் வீதம் நூற்றுக்கு எண்பத்தைந்து என்று கொண்டால், அதற்கு ஏறத்தாழ 1,200 கோழிகள் போதும். தனியே ஒரு பண்ணையாகப் பிழைக்க அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. விடுதிக்கோ ஒரே அளவிலான முட்டை ஆண்டு முழுவதும் தடையின்றி வேண்டும். இளங்கோழி இடும் முட்டை சிறியது, வயது ஏற ஏற அது பெரிதாகும் என்பதாலும், ஒரு பேட்ச் கழிந்து அடுத்தது உற்பத்திக்கு வரும்வரை இடைவெளி ஏற்படும் என்பதாலும், வெவ்வேறு வயதுடைய பல பேட்ச்களைப் பண்ணையாளர் ஒரே நேரத்தில் வைத்திருந்தாக வேண்டும். விடுதி ஏற்காத அளவிலான முட்டைகள் சந்தையில் கூண்டு முட்டையின் விலைக்கே போகும். எனவே கூடுதல் விலை முட்டைகளின் ஒரு பகுதிக்குத்தான் கிடைக்கிறது. கூடுதல் செலவோ எல்லா முட்டைகளுக்கும் ஆகிறது.

நாமக்கல் இந்தக் கணக்கை எளிதில் காட்டும் இடம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் தோன்றிய காலம் முதல், வட்டாரம் வாரியாக அறிவிக்கப்படும் விலையையும், அதிலிருந்து வியாபாரிகள் கழித்துக்கொள்ளும் ‘மைனஸ்’ தொகையையும் பார்த்தே அங்கே பண்ணையின் நாள் விடிகிறது. தீவனமே செலவில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும் தொழிலில், முட்டைக்குச் சில காசு ஏறினாலும் இறங்கினாலும் இலாபம் நட்டமாகிவிடும். தமிழ்நாட்டின் சத்துணவுக் கூடங்களில் குழந்தைகளின் தட்டுக்குச் செல்லும் முட்டையும் இதே குறைந்த விலை அமைப்பிலிருந்துதான் வருகிறது. இதை மறந்துவிட்டு எல்லா முட்டையும் உடனே விலையேற வேண்டும் என்று கோருவது நியாயமாகாது. ஆனால் இதே உண்மையைத் தலைகீழாகவும் படிக்கலாம். மாற்றத்தின் முதற்செலவைப் பள்ளிக் குழந்தையின் முட்டை தாங்க முடியாது. ஓரிரவு அறைவாடகையோடு காலை உணவையும் சேர்த்து விற்கும் விடுதி தாங்க முடியும். அந்த வாடகையில் முட்டையின் கூடுதல் விலை கண்ணுக்குத் தெரியாத பின்னம். பயிற்சி, கொட்டகை, குளிர்வண்டி, சான்றளிப்பு ஆகியவை தழைக்கும்வரை அச்சுமையை உயர்விலை வாங்குவோர் ஏற்பதே முறையாகும். விருந்தோம்பல் துறையின் வாக்கு அத்துறையின் சொந்த எல்லைக்கு அப்பாலும் பொருள்படுவது இதனால்தான்.

விலை ஒருபுறமிருக்க, திறன் இன்னொரு தடை. கூளத்தரையில் வாழும் கோழிக்கு இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் எளிதில் தொற்றும். ஒன்றையொன்று கொத்தும் பழக்கம் பரவினால் இறப்பு பெருகும். பெட்டியில் இடாமல் தரையில் இடும் முட்டைகள் அழுக்காகி வீணாகும். மார்பெலும்பு முறிவும் நேரும். கூண்டில் வளர்த்துப் பழகியவர் கூண்டை மட்டும் அகற்றிவிட்டு அதே கோழியை அதே வழியில் பேணினால், தோல்வி ஏறத்தாழ உறுதி. குஞ்சுப் பருவத்திலேயே ஏறவும் அடையவும் பழக்குவதும், கூளத்தை உலர வைப்பதும், கொட்டகையின் வெளிச்சத்தை அளவாக வைப்பதும் கற்றுத் தேற வேண்டிய கலை. 16 நாடுகளின் 6,040 வணிகக் கோழித் தொகுதிகளை, ஏறத்தாழ 17.6 கோடிக் கோழிகளை, ஒப்பிட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கூண்டில்லா முறையில் இறப்பு வீதம் அனுபவம் ஏற ஏறக் குறைந்து, அண்மை ஆண்டுகளில் கூண்டு முறைக்கு நிகராகிவிட்டது என்று காட்டியது. கூண்டில்லா முறையில் இறப்பு அதிகம் என்னும் வாதம் அம்முறையின் இயல்பைப் பற்றியதைவிட, கற்றுக்கொள்ளும் காலத்தைப் பற்றியது என்பதே அதன் பொருள்.

ஆசியப் பண்ணையாளர்கள் இந்த மாற்றத்தை அடியோடு மறுப்பவர்கள் என்ற எண்ணமும் சரியன்று. சீனா, ஜப்பான், இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் 224 முட்டை உற்பத்தியாளர்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், 65 விழுக்காட்டினர் தம் நாட்டில் கூண்டில்லா உற்பத்தி இயலக்கூடியதே என்றனர். அவர்கள் வேண்டியவை பயிற்சியும் தொழில்நுட்ப அறிவுரையும் உறுதியான வாங்குவோரும்தான். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கட்ஜா மாடா பல்கலைக்கழகத்தில் கூண்டில்லா முட்டை உற்பத்திக்கெனப் பயிற்சி மையம் அமைந்திருப்பது இத்தேவைக்கு அளிக்கப்பட்ட அரிய விடைகளுள் ஒன்று.

மூன்று நாடுகள், மூன்று பாதைகள்

தென்கொரியாவில் மாற்றத்தைத் தூண்டியது ஒரு நெருக்கடி. 2017 ஆகஸ்டில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லியின் எச்சம் முட்டைகளில் கண்டறியப்பட்டபோது, நெருக்கமான கூண்டுகளில் மண்குளியல் வாய்ப்பற்ற கோழிகளைச் சிற்றுண்ணி தாக்குவதும், அதை ஒழிக்க நஞ்சு தெளிக்கப்படுவதும் பொதுமக்களின் பேச்சாயின. அரசு ஒரு கோழிக்கான கூண்டிடத்தை 500 சதுர சென்டிமீட்டரிலிருந்து 750ஆக உயர்த்தியது. பழைய பண்ணைகளுக்கு அளிக்கப்பட்ட கெடு பின்னர் தள்ளிப்போனது. கூண்டிடம் பெரிதானாலும் கூண்டு கூண்டுதான் என்பதால், அதனினும் ஆழமான விளைவைத் தந்தது வேறொரு சிறு விதி: ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் வளர்ப்பு முறையைக் குறிக்கும் எண் அச்சிடப்பட வேண்டும். திறந்தவெளிக்கு 1, கொட்டகைத்தரைக்கு 2, விரிவான கூண்டுக்கு 3, பழைய கூண்டுக்கு 4. 2012இலேயே தொடங்கிய அரசின் விலங்குநலச் சான்றும் இந்த எண்ணும் சேர்ந்து, நிறுவனத்தின் வாக்கை நுகர்வோர் தம் கையில் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கும் நிலையை உண்டாக்கின. சில்லறை விற்பனை முட்டைகளை 2028க்குள் முழுவதும் கூண்டில்லாததாக்குவதாகப் புல்முவோன் என்னும் உணவு நிறுவனம் 2018இல் உறுதியளித்தது இந்தச் சூழலில்தான்.

ஜப்பானின் பாதை இதற்கு எதிரானது. ஆண்டுக்கு ஒருவர் முந்நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை உண்ணும் அந்நாட்டில், சூடான சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி உண்பது அன்றாட வழக்கம். எச்சத்திலிருந்து முட்டையைப் பிரித்துவிடும் கூண்டே தூய்மைக்கு உறுதி என்னும் நம்பிக்கை அங்கே வலுத்துள்ளது. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட கோழிகள் கூண்டில் வாழ்கின்றன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான விரிவான கணக்கெடுப்பு, சால்மோனெல்லா நுண்ணுயிர் கூண்டுப் பண்ணைகளில்தான் மிகுதியாகக் காணப்பட்டதாகக் காட்டியது. தூய்மையைத் தீர்மானிப்பவை தடுப்பூசியும் பண்ணை ஒழுங்குமே என்பது அதிலிருந்து பெறப்படும். டோக்கியோ ஒலிம்பிக்கின் உணவுக் கொள்முதல் விதிகள் கூண்டு முட்டையை அனுமதித்தபோது, 2018இல் ஒன்பது ஒலிம்பிக் வீரர்கள் அதை மாற்றக் கோரினர், மாற்றம் வரவில்லை. முட்டைக்கோழி நலத்துக்கான உலக விலங்கு சுகாதார அமைப்பின் வரைவுத் தரங்கள் விவாதத்தில் இருந்த காலத்தில், ஒரு முட்டை உற்பத்தி நிறுவனத்தின் முன்னாள் தலைவரிடமிருந்து 50 இலட்சம் யென் பெற்றதற்காக முன்னாள் வேளாண் அமைச்சர் ஒருவர் 2022இல் தண்டிக்கப்பட்டார். தரங்கள் தாமாகக் காலந்தாழ்வதில்லை, தாழ்த்தப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு அரிது.

இந்தியாவின் பாதையில் சட்டம் முன்னரே இருந்தது, நடைமுறைதான் பின்தங்கியது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மேற்கொண்ட முயற்சியின் தொடர்ச்சியாக வந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நியாயமான அசைவுக்கு இடமளிக்காத கூண்டில் ஒரு விலங்கை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. அவர் தலைமையில் 1962இல் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம், அடுக்குக்கூண்டுகள் இந்தப் பிரிவை மீறுபவை என்றும் 2017க்குள் கைவிடப்பட வேண்டும் என்றும் 2013இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2017இல் சட்ட ஆணையத்தின் 269ஆம் அறிக்கை கோழிவளர்ப்புக்கான விதிகளைப் பரிந்துரைத்தது. 2023இல் மைய அரசு அறிவித்த விதிகளோ கூண்டை ஒழிக்காமல் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் என்று வரையறுத்தன. இது பழைய அளவைவிடக் கூடுதல். ஏ4 தாளைவிட இன்னும் குறைவு. இதற்கிடையே 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 31 கோடிக்கு மேற்பட்ட புறக்கடை வளர்ப்புப் பறவைகள் உள்ளன. அவை கூண்டையே அறியாதவை. ஆயினும் சேகரிப்பு, தரம் பிரித்தல், இட்ட நாள் அறிதல், பிறப்பிடச் சான்று ஆகியவற்றுக்கு வழியில்லாததால், நாட்டுக்கோழி முட்டை விடுதியின் கொள்முதல் பட்டியலுக்குள் நுழைய இயலாமல் ஊர்ச்சந்தையோடு நின்றுவிடுகிறது.

இடைவழிகளும் அளவுகோலும்

முட்டை கிடைக்காத ஊரில் வாக்கை எப்படிக் காப்பது என்னும் கேள்விக்கு விடையாக அண்மையில் வரவுச்சான்று முறை முன்வைக்கப்படுகிறது. காற்றாலை மின்சாரத்துக்கு இந்தியாவில் 2010இல் வகுக்கப்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழைப் போன்றது இது. பண்ணையாளர் தம் கூண்டில்லா முட்டையை அருகிலுள்ள சந்தையில் விற்கிறார். அதன் நலன்கூறு தனிச் சான்றாகப் பிரிக்கப்பட்டு, தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு விற்கப்படுகிறது. நிறுவனம் தன் சமையலறையில் பயன்படுத்தும் சாதாரண முட்டைக்கு ஈடாக அதைக் கணக்கில் கொள்கிறது. திரவமாகவும் தூளாகவும் முட்டையை வாங்கும் ஆலைகளுக்கு இது பயன்படும். பண்ணையாளருக்குக் கொட்டகை கட்டும் காலத்தில் பணம் கிடைக்கும். ஆனால் சான்று புதிய கொட்டகைக்குப் பணமாகப் போகிறதா, முன்னரே இருந்த உற்பத்திக்கு வெறும் பெயர்மாற்றமாகிறதா என்பதைத் தணிக்கை செய்யாவிட்டால், கூண்டில் ஒரு கோழிகூடக் குறையாமல் அறிக்கையில் மட்டும் விழுக்காடு ஏறும். ஓட்டு முட்டை கிடைக்கும் ஊரில் சான்று வாங்கி நிறுத்திக்கொள்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே முடியும்.

முன்னேற்றத்தை அளப்பதும் தனிக் கலை. கம்பேஷன் இன் வேர்ல்டு ஃபார்மிங் அமைப்பு 2017 முதல் எக்டிராக் என்னும் பெயரில் நிறுவனங்களின் நிலையைத் தொகுத்து வெளியிடுகிறது. ஆசியாவுக்கெனவும் இத்தகைய கண்காணிப்புகள் தோன்றியுள்ளன. இவற்றின் அடிப்படை நிறுவனங்களே தரும் தகவல் என்பதால், ஒரு விழுக்காட்டைப் படிக்கும்போது எதன் விழுக்காடு என்று கேட்பது இன்றியமையாதது. உலகக் கணக்கில் எழுபது விழுக்காடு என்னும் எண், ஐரோப்பாவில் நூறும் ஆசியாவில் ஐந்துமாக இருக்கலாம். நாடுவாரியான எண், ஓட்டு முட்டைக்கும் பதப்படுத்திய முட்டைக்கும் தனித்தனி எண், சொந்தக் கிளைக்கும் உரிமதாரர் கிளைக்கும் தனித்தனி எண், வரவுச்சான்றால் ஈடுசெய்ததைப் பிரித்துக்காட்டும் எண் ஆகிய நான்கும் இல்லாத அறிக்கை முன்னேற்றத்தை அளப்பதில்லை, மறைக்கவே பயன்படும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், ஆசியாவின் தேக்கத்துக்குக் காரணம் மக்களின் அக்கறையின்மையோ பண்ணையாளரின் பிடிவாதமோ அன்று. வாக்கு ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் திறன் மூன்றாமிடத்திலும் பிரிந்து கிடப்பதே காரணம் என்பது புலனாகும். அம்மூன்றையும் ஒன்றுசேர்க்கும் கருவி கொள்முதல் ஒப்பந்தம். ஒரு நகரத்தின் விடுதிகள் தம் தேவையை ஒன்றாகத் திரட்டி, குறைந்தது மூன்று பேட்ச் காலத்துக்கு, அதாவது நான்கைந்து ஆண்டுக்கு, தீவன விலையோடு ஏறி இறங்கும் விலைச் சூத்திரத்துடன், எல்லா அளவு முட்டைகளையும் ஏற்பதாக ஒப்பந்தம் செய்தால், அந்தத் தாளைக் காட்டிப் பண்ணையாளர் கடன் பெறலாம். கடன் வந்தால் கொட்டகை எழும். கொட்டகை எழுந்தால் பயிற்சிக்கும் பொருளுண்டாகும். குழுமத்தின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரியும், கொள்முதல் மேலாளரின் மதிப்பீட்டில் ஓர் இடமும் இதற்குத் துணைநிற்க வேண்டும்.

2016க்கும் 2025க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் வரலாற்றில் சிறிய காலம். முட்டைக்கோழியின் உற்பத்திக் காலத்தால் அளந்தால், அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரே கூண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தது ஆறு பேட்ச்கள் அடைக்கப்பட்டுக் கழிந்துபோயிருக்கும். புதிய கெடுவை 2030 என்று எழுதும் நிறுவனம் இன்னும் மூன்று பேட்ச்களின் வாழ்வைக் கணக்கில் எழுதுகிறது. கெடுவைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த எண்ணிக்கை மேசைமீது இருக்க வேண்டும்.